விரிவுரைக்கு அப்பால்: பல்கலைக்கழகக் கற்பித்தல் குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் எனின் விரிவுரையாற்றுதல் என்றே பொருள்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆசிரியர் உரைப்பார், மாணவர் குறிப்பெடுப்பர், தேர்வில் அக்குறிப்பே விடையாகத் திரும்பி வரும். இதற்கு மாற்றுத் தேடிய இரு முயற்சிகளை மதிப்பிட்டு, அவை தமிழ்த்துறைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மசூரின் முறை

ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், 1990ஆம் ஆண்டில் தம் மாணவரின் அடிப்படைக் கருத்துத் தெளிவைச் சோதித்தார். கடினமான கணக்குகளைச் செய்து முடித்தவர்களே எளிய வினாக்களில் தடுமாறினர். சூத்திரம் மனத்தில் பதிந்திருந்தது; பொருள் பதியவில்லை. அதன்பின் அவர் தம் வகுப்பை மாற்றியமைத்தார். சிறு விளக்கத்திற்குப் பின் ஒரு வினா எழுப்பப்படும். மாணவர் தனித்துச் சிந்தித்து விடை தெரிவிப்பர். பின்னர் அருகிலிருப்பவரோடு வாதிட்டு மீண்டும் விடை தெரிவிப்பர். 1997இல் இம்முறையை அவர் நூலாக்கினார்.

இத்தகைய முறைகளுக்கு வலுவான சான்று உண்டு. ஸ்காட் ஃபிரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளைச் சார்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விரிவுரை மட்டுமே கேட்ட வகுப்புகளில் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது.

ஆயினும், மசூரின் நூல் தனி ஆசிரியரை நோக்கியே பேசுகிறது. நல்ல வினாக்களை ஆக்குவதற்குரிய நேரமும் துணையும் எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் போதிய விடையில்லை.

வீமனின் முயற்சி

அவ்விடையைத் தர முயன்றவர், 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன். கொலராடோ பல்கலைக்கழகத்திலும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் அவர் தொடங்கிய திட்டங்கள் தனியாசிரியரை அன்றித் துறையையே மாற்றத்தின் அலகாகக் கொண்டன. துறையறிவும் கற்பித்தல் பயிற்சியும் உடையோர் துறைக்குள்ளேயே அமர்த்தப்பட்டுப் பேராசிரியர்களோடு இணைந்து பாடங்களைத் திருத்தியமைத்தனர். இவ்வனுபவம் 2017இல் நூலாக வெளிவந்தது. ஒருநாள் பட்டறையில் கேட்டது மறுவாரமே மறைந்துவிடுவதை அறிந்தோர்க்கு இவ்வணுகுமுறையின் சிறப்பு எளிதில் விளங்கும். எனினும் இது பெரும் நிதியை வேண்டுவது. சிறிய துறைகள் இதனை அப்படியே பின்பற்றல் இயலாது.

மற்றொரு தடையும் உண்டு. ஹார்வர்டில் நடத்தப்பெற்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு, செயல்வழி வகுப்பில் மாணவர் மிகுதியாகக் கற்றும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர் எனக் காட்டியது. மாணவரின் மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும் நம்பி ஆசிரியரை எடைபோட்டால், நன்கு கற்பிக்க முயல்பவரே தண்டிக்கப்படுவார்.

தமிழ்த்துறையில்

மேற்கண்ட சான்றுகள் பெரிதும் அறிவியல் சார்ந்தவை. அங்கு வினாவிற்கு ஒரே சரியான விடை இருக்கக்கூடும்; இலக்கியத்தில் அவ்வாறன்று. எனவே முறையை அப்படியே பெயர்த்து நடுவது பிழையாகும். ஆனால் அதன் உட்கரு நமக்கு அயலானதன்று. ஆசிரியர் உரைத்ததை முழுவதும் கொண்டாலும் மாணவர் பெறுவது காற்பங்கே என்றும், உடன்பயில்வோரால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் வகுத்துள்ளார். அந்நூற்பாவை விரிவுரையாகவே நடத்தி, மனனம் செய்யச் சொல்லி, தேர்வில் கேட்கிறோம் என்பது நம் வகுப்பறையின் முரண்.

ஓர் எடுத்துக்காட்டு நோக்கலாம். சங்க அகப்பாடல் ஒன்றைக் கூற்றுக் குறிப்பை நீக்கி மாணவரிடம் அளிக்கலாம். பேசுபவர் தலைவியா, தோழியா, கேட்பவர் யார் என ஒவ்வொருவரும் முதலில் எழுதட்டும். பின்னர் இருவர் இருவராக, பாடலின் சொற்களையே சான்றாகக் காட்டி வாதிடட்டும். இறுதியில் கூற்றுக் குறிப்பைக் காட்டி, அதுவும் பாடலுக்குப் பிந்தியதொரு வாசிப்பே எனலாமா என வினவலாம். இங்கு விடையைவிடச் சான்றே முதன்மை பெறும். ஆசிரியரின் விளக்கவுரை ஒழிவதில்லை. மாணவர்க்கு அதன் தேவை எழுந்த பின்னரே அது வருகிறது.

முடிவுரை

விரிவுரையாளர்கள் மாற மறுப்பதற்குச் சோம்பல் காரணமன்று. பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை நோக்கும்போது கற்பித்தலுக்குச் செலவிடும் நேரம் இழப்பாகவே கணிக்கப்படுகிறது. பெருநிதி இன்றியும் ஒரு துறை செய்யக்கூடியவை உள: ஒரு பாடத்திற்கு இருவர் கூடி ஒரு பருவத்தில் பத்து வினாக்களை ஆக்குதல், ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து நோக்குதல், அப்பணியைப் பதவி உயர்வில் கணக்கிடுதல். நம்மிடம் பயில்வோருள் பலர் நாளை தமிழாசிரியராகச் செல்பவர். தாம் கற்ற முறையிலேயே அவர்கள் கற்பிப்பர். ஆதலின் பல்கலைக்கழக வகுப்பறையின் குறை அங்கேயே நின்றுவிடுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரை அது சென்று சேரும்.