செம்புப் பாத்திரமும் கதாபாத்திரமும்

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தம் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருந்தார். அச்சேறாத நாவலைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது சம்பிரதாயமல்ல. அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்கிறார். கதை இது: வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவன், கந்தர்வகோட்டைக்கு அருகே பாட்டன் நிலத்தில் சிறு பட்டறை ஒன்று போட்டு, பார்லியிலிருந்து நல்ல விஸ்கி வடிக்க ஆசைப்படுகிறான். அந்தத் தாலுகாவிலேயே கல்லாக்கோட்டையில் பெரிய மது ஆலை ஒன்று இருக்கிறது. அவனுக்கு வேண்டியது அதுவல்ல.

விஷயம் புதிது. நம் கதைகளில் குடிகாரன் உண்டு, வடிப்பவன் அபூர்வம். ராஜாஜி திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து நடத்திய 'விமோசனம்' மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே பிறந்த பத்திரிகை. கல்கி அதில் வேலை பார்த்தார். அந்தக் காலத்திலேயே தாலியை விற்றுக் குடிக்கும் புருஷன் நம் கதைகளுக்குள் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டான். பிரசாரத்துக்கு அவன் போதும். நாவலுக்கு எப்படிப் போதும்?

பாத்திரம் என்ற சொல்லைக் கதையில் வரும் மனிதனுக்கும் சமையலறைச் சாமானுக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம். இந்த நாவலில் முதல் வகைப் பாத்திரங்கள் நன்றாகவே இருக்கின்றன. இரண்டாம் வகையில்தான் தகராறு.

நாலாம் அத்தியாயத்தில் கதாநாயகன் வாலை வாங்குகிறான். (சித்த வைத்தியர்கள் தீநீர் வடிக்கும் சாதனத்துக்கு உள்ள பழைய பெயரை ஆசிரியர் எடுத்தாண்டிருப்பதைப் பாராட்டுகிறேன்.) அந்தி வெயிலில் செம்பு தங்கமாக மின்னியது என்று ஒரு பாரா; அதோடு கொள்முதல் முடிந்துவிடுகிறது. ஏன் செம்பு? எவர்சில்வரில் அடித்தால் மலிவு, நாளும் உழைக்கும். ஆனால் ஊறலிலிருந்து ஆவியோடு கிளம்பும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அப்படி வாங்காவிட்டால் வடித்த சரக்கில் வெந்த முட்டைக்கோஸ் வாடை அடிக்கும். வாங்கி வாங்கி அந்தத் தகடு மெலிந்துபோகும். சில வருஷங்களில் மாற்ற வேண்டியதுதான். உவமைக்கு அலைகிற ஆசிரியருக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அவர் அந்தி வெயிலைத் தேடிப் போய்விட்டார்.

வாலையில் இரண்டு ஜாதி. 1830இல் ஈனியஸ் காஃபி என்ற அயர்லாந்து சுங்க அதிகாரி காப்புரிமை பெற்ற தூண் வாலையில் ஒரு பக்கம் ஊறல் போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் சாராயம் வந்துகொண்டே இருக்கும். பானை வாலை இட்லிக் கொப்பரை மாதிரி; ஒவ்வோர் ஈடும் இறக்கி, கழுவி, மறுபடி ஏற்ற வேண்டும். ஆலைக்காரன் முன்னதை எடுக்கிறான்; இவன் பின்னதை எடுக்கிறான். அவன் சுபாவமே அந்தத் தேர்வில் இருக்கிறது. நாவலிலோ அது விலைப்பட்டியலில் ஒரு வரி.

தண்ணீர் விஷயம் அதைவிட மோசம். கிளம்பிய ஆவி குளிர்ந்தால்தானே சாராயம்? ஸ்காட்லாந்தில் மலையோடை அந்த வேலையைச் சும்மா செய்துவிடுகிறது. புதுக்கோட்டையில் சித்திரை மாதம் தொட்டித் தண்ணீரில் கை வைத்துப் பார்க்கட்டும். வடிகிற ஒவ்வொரு லிட்டருக்கும் பல மடங்கு குளிர்நீர் ஓட வேண்டும். அதைச் சுற்றவிட்டு ஆறவைக்கக் கோபுரம், குளிர் யந்திரம், இரண்டுக்கும் மின்சாரம். ஊறலும் அப்படித்தான்: 35 பாகைக்கு மேல் சூடேறினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். இந்த மாவட்டத்தில் கண்மாய்கள் ஏராளம், மழை பொய்த்தால் அத்தனையும் மைதானம். அவன் முதலில் சண்டை போட வேண்டியது ஊரோடு, தண்ணீருக்காக. ஆசிரியர் மாமன் மகளோடு சண்டை மூட்டியிருக்கிறார்.

லைசென்ஸ் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரி கிடையாது. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் அமலில் இருக்கிறது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கையில். ஆக, இவனுக்கு ஒரே ஒரு வாடிக்கைக்காரர்: சர்க்கார்.

ஏழாம் அத்தியாயத்தில் ஆசிரியர் விழித்துக்கொள்கிறார். இரண்டாம் முறை வடிக்கும்போது முதலில் வரும் 'தலை'யை ஒதுக்கி, நடுவில் வரும் 'நெஞ்'சைப் பிடித்து, 'வால்' வாடை தட்டியதும் குழாயைத் திருப்புகிறான். எந்த நிமிஷத்தில் திருப்புவது என்பதை மானி பாதி சொல்லும், மூக்கு மீதி சொல்லும். சளி பிடித்திருக்கும் நாளில் அவன் படுகிற அவஸ்தை அசல் எழுத்து.

பதினோராம் அத்தியாயத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கத்து ஊரில் வேலம்பட்டையும் வெல்லமும் போட்டுப் பானையில் காய்ச்சும் ஏழை ஒருவனுடைய சாராயத்தைக் குடித்து மூன்று பேர் சாகிறார்கள். "தலையைப் பிரிக்கத் தெரியாததால் வந்த வினை" என்கிறான் கதாநாயகன். ஆசிரியரும் அதையே நம்புகிறார். மெத்தனால் 64.7 பாகையிலும் எத்தனால் 78.3 பாகையிலும் கொதிக்கும் என்று பள்ளிக்கூடக் கணக்கு வேறு. வெல்ல ஊறலில் மெத்தனால் உண்டாவது மிகச் சொற்பம்; அது பழங்களிலுள்ள பெக்டினிலிருந்து வருவது, அதுவும் கொஞ்சமே. பட்டைச் சாராயம் குடலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும். ஒரே ராத்திரியில் தெருவையே பாடையில் ஏற்றாது. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது, ஆலை உபயோகத்துக்கென்று தயாராகும் மெத்தனால். அது பானையில் பிறக்கவில்லை, டிரம்மில் வந்தது. பானைக்காரனைக் கொலைகாரனாக்கும் கதை, டிரம்மை விற்றவனையும் ஏற்றி வந்த வண்டியையும் பார்க்காமல் விட்டவனையும் விடுதலை செய்துவிடுகிறது. மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்தாக டாக்டர்கள் கொடுப்பவற்றில் எத்தனாலும் ஒன்று என்பதை அவர் தெரிந்துகொண்டிருந்தால், அந்த அத்தியாயமே வேறு விதமாகப் போயிருக்கும்.

ஸ்காட்லாந்து நாவலாசிரியர் நீல் கன், 1937 வரை சுங்க அதிகாரியாக இருந்தவர். இன்வர்னஸில் ஒரு வடிசாலையில் உத்தியோகம். விஸ்கியைப் பற்றி 1935இல் தனிப் புத்தகமே எழுதினார். எழுத்தாளரெல்லாம் சுங்க இலாகாவில் சேர வேண்டுமென்று நான் சொல்லவில்லை. நாலு நாள் ஒரு வடிசாலையில் நிற்கலாம்.

இவ்வளவு குறை சொன்னாலும், பிரதியை நான் இரண்டு முறை படித்ததற்குக் காரணம் அவனுடைய அப்பத்தா. பீப்பாயில் குச்சி விட்டு அளக்கிறாள். போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறது. காவல்காரன்மேல் சந்தேகம். பேரன், மரத்தின் வழியே ஆவியாகப் போகிறது, வெள்ளைக்காரர்கள் அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள் என்று விளக்குகிறான். ஸ்காட்லாந்தில் அந்தப் பங்கு வருஷத்துக்கு 2 சதம். 2004இல் கிளாஸ்கோவில் தன் மால்ட் விஸ்கியை அறிமுகம் செய்த பெங்களூர் அம்ருத் வடிசாலையில் 10 முதல் 12 சதம். புதுக்கோட்டை வெயிலில் அதற்குக் குறைய நியாயமில்லை. அப்பத்தா நம்பவில்லை. மறுநாள் காவல்காரன் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்க்கிறாள். இவள் நாவலில் பன்னிரண்டு பக்கம்தான் வருகிறாள்.