தேயிலையின் பூர்வீகம்: பிறப்புரிமையியல் ஆய்வுகள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு காட்டுத் தாவரம் எங்கே, எவர் கையில் பயிராயிற்று என்னும் வினாவுக்கு அண்மைக்காலம் வரை அகழ்வாய்வாளரும் ஏட்டுச்சான்று தேடுவோருமே விடை கூறிவந்தனர். இன்று அவ்வினா பிறப்புரிமையியலாளரின் ஆய்வுகூடத்தை அடைந்துள்ளது. 2023இல் வெளிவந்த திராட்சை பற்றிய ஆய்வு, மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட கொடிகளை ஒப்புநோக்கி, ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவிலும் கோக்கேசியாவிலும் அது தனித்தனியே பயிராக்கப்பட்டதென முடிவு கூறிற்று. சப்ரகமுவத் தோட்டங்களைச் சூழ்ந்து நிற்பனவோ தேயிலையும் றப்பருமே. அவற்றின் பூர்வீகம் பற்றி இவ்வியல் என்ன கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது என்பது ஆராயத்தக்கது.

றப்பரைப் பொறுத்தவரை புதிர் அதிகமில்லை. 1876இல் விக்கம் அமேசன் பிரதேசத்திலிருந்து கொண்டுசென்ற விதைகள் கியூ பூங்காவில் முளைத்தன; அவ்வாண்டிலேயே நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையில் நடப்பட்டன. கேகாலையின் றப்பர் மரங்களது வரலாற்றின் பெரும்பகுதி கடிதங்களிலேயே கிடக்கின்றது.

தேயிலையின் நிலை அதுவன்று. 1823இல் ரொபர்ட் புரூஸ் அசாமிற் தேயிலையைக் 'கண்டுபிடித்தார்' என்றும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்டார் என்றும் நாம் படித்து வந்துள்ளோம். புரூசுக்கு அச்செடியைக் காட்டியவர்கள் அதனை ஏலவே பருகிவந்த சிங்போ மக்கள். கண்டுபிடிப்பு என்னும் சொல் அவர்களை மறைத்துவிடுகின்றது.

இச்சொல்லின் அடித்தளத்தை அசைத்தது 2016இல் வெளியான ஓர் ஆய்வு. இலங்கையரான மீகஹகும்புரவை முதல் ஆசிரியராகக் கொண்ட குழுவினர், சீனத்திலும் இந்தியாவிலும் பெற்ற 392 மாதிரிகளை, பரம்பரையலகுத் தொடரில் 23 இடங்களில் ஒப்பிட்டனர். சீனவகை, சீனத்து அசாம்வகை, இந்திய அசாம்வகை என மூன்று தனி வழிகள் புலப்பட்டன. ஆகவே, இந்திய அசாம் தேயிலை சீனத் தேயிலையின் கிளையன்று. அதற்கெனத் தனியொரு பூர்வீகம் உண்டு.

முடிவு கவர்ச்சியானது, ஆயினும் முழுமையாக ஏற்பதற்குமுன் சற்றுத் தயங்க வேண்டும். வழிகள் வேறானவை என்பதும், அவை வெவ்வேறிடத்துப் பயிராக்கப்பட்டன என்பதும் ஒன்றல்ல. காட்டிலேயே பிரிந்து நின்ற இரு கூட்டங்களை, ஒரே வழக்கத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற மக்கள் பயிராக்கியிருக்கவுங் கூடும். அக்குழுவினரே 2018இல் இரு அசாம்வகைகளும் ஏறத்தாழ 2,770 ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன எனக் கணித்தனர். பிரிந்த காலம் வேறு, பயிரான காலம் வேறு. ஒரு தலைமுறைக்கு எத்தனை ஆண்டு எனக் கொள்கிறோமோ அதனோடு மாறும் இத்தகைய எண்ணுக்கு இவ்வளவு நுட்பம் பொருந்துமா என்பதும் ஐயமே. திராட்சைக்கு அதன் காட்டு மூதாதை இன்றும் உயிருடன் ஒப்பீட்டுக்குக் கிடைக்கின்றது. தேயிலையிலோ உண்மைக் காட்டுச்செடி எது, கைவிடப்பட்டுக் காடேறிய செடி எது எனப் பிரித்தறிவது எளிதன்று. 2016ஆம் ஆண்டு ஆய்வாளர் தம் தலைப்பில் 'அறிகுறிகள்' என அடக்கமாகவே குறித்தனர். எடுத்தாள்வோரிடம் அவ்வடக்கம் இருப்பதில்லை.

இவற்றினும் பெரிய குறையொன்று உண்டு. பயிராக்கத்தை ஒரு 'நிகழ்வு' என இவ்வாய்வுகள் பேசுகின்றன. தலைமுறை தலைமுறையாக நல்ல செடியைத் தெரிந்து, அதன் விதையைப் பேணிய கைகள் அச்சொல்லில் இடம்பெறவில்லை. சிங்போ மக்களின் வழக்கத்தை அறிய நாம் மீண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கம்பனிக்காரரின் குறிப்புகளையே நாடவேண்டியுள்ளது.

இலங்கைத் தேயிலை மேற்கூறிய மாதிரிகளுள் இல்லை. இங்கு வந்த விதை பெரும்பாலும் அசாம், சீன வகைகள் பலவாறு கலந்த விதை. விதையிலிருந்து வளர்ந்த ஒவ்வொரு தூரும் தனியொரு பிறவி. துரைமார் விதையின் தரத்தை 'ஜாத்' என்னும் சொல்லால் வகுத்தனர். நமது 'சாதி'யும் அச்சொல்லும் ஒரே மூலத்தின. ஆட்களைக் கங்காணிமார் மூலம் சாதிவாரியாகத் திரட்டிய அமைப்பு செடிக்கும் அதே சொல்லை வழங்கியது தற்செயலெனக் கொள்வதற்கில்லை.

1950களின் பிற்பகுதி முதல் விதைத் தேயிலையின் இடத்தை வீபி தேயிலை பிடித்தது. தவறணையில் வெட்டுத்துண்டிலிருந்து வளரும் கன்று தாய்ச்செடியின் அச்சேயாம். பரவலாக நடப்பட்ட டீஆர்ஐ 2025 உட்படப் பல வகைகள், ஏஎஸ்எம் 4/10 என்னும் ஒரே தாயின் வழிவந்தவை. விளைச்சல் கூடியது மெய். வேறுபாடு சுருங்கியதும் மெய். ஒரு நோய் ஒன்றைத் தாக்குமாயின் அவ்வுறவுமுறை முழுவதும் அஞ்சவேண்டும். 1869இல் தோன்றிய கோப்பித் துருநோயை அறிந்த நாட்டில் இவ்வச்சம் வீணன்று.

எஞ்சிய விதைத் தேயிலை மலைகள் விளைச்சல் குறைந்தவை என்பதனால் மறுநடுகைக்கு முதலில் பிடுங்கப்படுகின்றன. எந்த விதை எத்தோட்டத்துக்கு வந்ததென்பதற்கு அத்தூர்களே சான்று. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுப் பிரிவு இரத்தினபுரியிலேயே, சென் ஜோக்கிம் தோட்டத்தில் இயங்குகின்றது. ஒரு மலை பிடுங்கப்படுமுன் அதன் தூர்களிலிருந்து சில இலைகளை உலர்த்தி வைத்தலும், அம்மலைக்கு அங்குள்ள முதியோர் வழங்கும் பெயரையும் அதை நட்டவர் பற்றிய நினைவுகளையும் அவற்றுடன் எழுதி வைத்தலும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. முன்னதைத் தாவரவியல் மாணவரும் பின்னதைத் தமிழ், வரலாற்று மாணவரும் ஒரே நாளில் ஒரே மலையிற் செய்யலாம்.