ஒரு பல் தள்ளிப் போனால்

1998-இல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, 2012-இல் வந்த ரெனோ டஸ்டர் டீசல் இரண்டிலும் சங்கிலி கிடையாது; கிராங்கையும் கேமையும் இணைப்பது ரப்பர் டைமிங் பெல்ட்தான். புதுச்சேரியில் இன்னும் ஓடும் இந்தப் பழைய வண்டிகளுக்கு வீட்டு வாசலிலேயே பெல்ட் மாற்றலாமா? சான்ட்ரோவுக்கு மாற்றலாம் என்பேன், ஒரு நிபந்தனையோடு.

சொந்தக்காரருக்கு அவசரமில்லை என்பதே இதில் பெரிய பலம். பெல்ட்டோடு டென்ஷனரையும் மாற்றுவார். பல என்ஜின்களில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் பிறகு ஒழுகினால் மொத்த வேலையையும் மறுபடி செய்ய வேண்டும் என்பதால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுவார்.

பலவீனம், பலரும் நம்பும் பெயிண்ட் மார்க்கில் இருக்கிறது. பழைய பெல்ட்டிலும் புல்லியிலும் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டு, பல்லை எண்ணிப் புதிய பெல்ட்டுக்கு அப்படியே மாற்றுகிறார்கள். வேலை சுலபம்தான். ஆனால் முன்பு மாட்டியவர் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் அந்தத் தப்பும் கூடவே வரும். நம்ப வேண்டியது புல்லியில் கம்பெனி போட்ட மார்க்கை.

ஒரு பல் என்பது சின்ன விஷயமில்லை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கேம் புல்லியில் 40 பல் இருந்தால், ஒரு பல் தள்ளியது கேமில் 9 டிகிரி, கிராங்கில் 18 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும்; ஐட்லிங்கில் ஆடும், பிக்கப் இருக்காது. இன்னும் தள்ளினால் பல என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். ஹெட்டை இறக்கியாக வேண்டும்.

நிபந்தனை இதுதான்: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரால் கிராங்கை அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்கை மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கால் மணி நேரம்கூட ஆகாத இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

தப்பைத் திருத்துவதிலும் தடுமாற்றம் உண்டு. கார்புரேட்டர் கால மாருதி 800-இல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சமாளிப்பார்கள். அதனால் தீப்பொறி விழும் நேரம் மாறுமே தவிர, வால்வு திறக்கும் நேரம் மாறாது. கம்ப்ரெஷன் கேஜ் வைத்தால் விஷயம் தெரியும்: எல்லாச் சிலிண்டரிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் டைமிங்கைச் சந்தேகிக்கலாம், ஒன்றிரண்டில் மட்டும் குறைந்தால் வால்வு வளைந்திருக்கக்கூடும்.

டஸ்டர் டீசல் வேறு கதை. அதற்குக் கிராங்குக்கும் கேமுக்கும் தனித்தனி லாக் பின் வேண்டும். கடற்காற்றில் துருவேறி இறுகிய கிராங்க் போல்ட்டை, அந்தப் பின்னின் பிடியிலேயே கழற்றப் பார்த்தால் பின் வளைந்துபோகும். டீசலில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளியும் மிகக் குறைவு. பின்னும் டார்க் ரெஞ்சும் கையில் இல்லாதவர் அந்த வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கும்போது மட்டும் பக்கத்தில் நிற்கட்டும்.