ஆய்வு முன்னே, விதி பின்னே

ஓர் அரசுத் துறை தன் திட்டத்தைத் தானே ஆராய்ந்தால், பாதகமான முடிவுகளை மூடி மறைத்துவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மீது அந்தக் குற்றச்சாட்டை எளிதில் சுமத்த முடியாது. ஓய்வூதியமும் மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் வழங்கும் அந்த நிர்வாகத்தின் ஆய்விதழ் 1938-லேயே தொடங்கப்பட்டது.

நிர்வாகத்தின் நேர்மைக்கு ஒரு சோதனைத் திட்டமே சான்று. உதவித்தொகை பெறுபவர், வரம்புக்கு மேல் தொடர்ந்து சம்பாதித்தால் முழுத்தொகையும் நின்றுவிடும். அந்த அச்சத்தால்தான் பலர் வேலைக்குப் போகத் தயங்குகிறார்கள் என்பது நெடுநாள் வாதம். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலரை மட்டும் பிடித்தால் என்ன ஆகும்? 2011-இல் தொடங்கி 10 பகுதிகளில், பயனாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். சராசரிச் சம்பாத்தியம் உயரவில்லை. அரசு கொடுத்த தொகைதான் கூடியது. எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய அந்த முடிவை அப்படியே வெளியிட்டார்கள். எல்லா நாட்டு அரசுகளும் பின்பற்ற வேண்டிய பண்பு இது.

ஆனால் கண்டறிந்தது விதியாக மாறுவதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிடுகிறது. மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான விண்ணப்பம் மறுக்கப்பட்டவர் மேல்முறையீட்டு நீதிபதி முன் வந்து நிற்கிறார். பழைய வேலையை அவரால் இனிச் செய்ய முடியாது. நாட்டில் வேறு எந்த வேலையாவது செய்ய முடியுமா என்பதே அங்கே கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் தொழில் நிபுணர்கள் சார்ந்திருப்பது, 12,000-க்கும் மேற்பட்ட தொழில்களை அடுக்கிய ஓர் அகராதியை. அதன் நான்காம் பதிப்பு 1977-இல் வந்தது. கடைசித் திருத்தம் 1991-இல். கொட்டைப் பருப்புகளைத் தரம் பிரிப்பவர், கையாலோ தட்டச்சாலோ உறைகளில் முகவரி எழுதுபவர், மைக்ரோஃபிலிம் எடுக்க ஆவணங்களை அடுக்கித் தருபவர் ஆகியோரும் அதில் உண்டு. முதுகு ஒடிந்த கட்டடத் தொழிலாளி ஒருவரிடம், உறையில் முகவரி எழுதும் வேலை இருக்கிறதே என்று சொல்லி உதவித்தொகையை மறுக்க இது வழிவிட்டது. வாழ்வாதாரத்தை முடிவு செய்யும் இடத்தில் இது அநீதி.

தரவு இல்லாமலும் இல்லை. 2012 முதல் தொழிலாளர் புள்ளியியல் துறையோடு சேர்ந்து, எந்த வேலையில் எவ்வளவு எடை தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றெல்லாம் தரவு சேகரிக்கும் பணி நடக்கிறது. அகராதியை மாற்றினால் அதன்மேல் கட்டிய விதிகள் யாவும் ஆட்டம் காணும், யாருக்குத் தகுதி என்பதே மாறும் என்ற தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் தாமதத்தின் விலையைக் கொடுப்பவர் விண்ணப்பதாரர்தான். அருகிப்போன 114 தொழில்களை விலக்க 2024 ஜூன் ஆகிவிட்டது. அது களையெடுப்பு, புது விதைப்பு இன்னும் பாக்கி.

எல்லாப் பழியையும் நிர்வாகத்தின் மேல் போடுவதும் சரியல்ல. வறிய முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான துணை வருமானத் திட்டத்தில், தனிநபர் சொத்து வரம்பு 1989 முதல் 2,000 டாலரிலேயே நிற்கிறது. அதை உயர்த்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு.

ஆகவே ஆய்வுக்கு நிதி ஒதுக்கினால் மட்டும் போதாது. சொந்த ஆய்வு ஒரு விதியைப் பழையது என்று காட்டினால், அதை எப்போது மாற்றப்போகிறோம், மாற்றாவிட்டால் ஏன் என்று குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல நிர்வாகத்தையும் நாடாளுமன்றத்தையும் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.