ஆறில் ஒரு பங்கில் தெரியும் முகங்கள்

ஜிகா வெர்டோவ் என்றதும் 1929இல் வந்த ‘மூவி கேமராவுடன் ஒரு மனிதன்’ படத்தைத்தான் சினிமா அன்பர்கள் சொல்வார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால் அவர் எடுத்த ‘உலகில் ஆறில் ஒரு பங்கு’ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பூமியின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு சோவியத் நாடு என்பதே தலைப்பின் பொருள். பல மொழியும் பல மதமும் கொண்ட ஒரு தேசத்தை ஒரே படத்துக்குள் எப்படிக் காட்டுவது? நமக்கும் பழக்கமான கேள்விதானே இது.

படம் எடுக்கச் சொன்னது கோஸ்டார்க் என்ற அரசு வாணிப நிறுவனம். ரோமத் தோலையும் தானியத்தையும் வெளிநாட்டில் விற்று இயந்திரம் வாங்குவது அதன் வேலை. அப்பட்டமாகச் சொன்னால் இது விளம்பரப் படம். ஆனால் வெர்டோவ் அதை ஒரு நீண்ட விளிப்பாக மாற்றிவிட்டார். மௌனப் படம் என்பதால் இடையிடையே எழுத்து அட்டைகள் வரும். அவை கதை சொல்வதில்லை, ஆளைக் கூப்பிடுகின்றன. கடலலையில் ஆடு குளிப்பாட்டுகிறவனையும் ஓடையில் ஆடு குளிப்பாட்டுகிறவனையும் அடுத்தடுத்து அழைக்கின்றன. தாத்தாரியர், புரியாத்துகள், உஸ்பெக்குகள், கல்மிக்குகள், காகசஸ் மலைவாசிகள் என்று பெயர் சொல்லி அடுக்கிக்கொண்டே போய், இந்த மண்ணின் சொந்தக்காரர்கள் நீங்கள்தான் என்கின்றன. ரஷ்ய மொழியிலும் நம்மைப்போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. அந்த அழைப்பில் இருக்கும் உரிமை தமிழ்க் காதுக்குச் சட்டென்று பிடிபடும். 1926இல் ஒரு தூந்திர வேடனைத் திரையிலிருந்து இப்படி மரியாதையாக விளித்த படம் வேறு ஏது? ஐரோப்பியர் காலனிகளில் எடுத்த பயணப் படங்களில் உள்ளூர்க்காரர் வேடிக்கைப் பொருளாகத்தான் வருவார். அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

இருந்தாலும் எனக்கு ஒரு உறுத்தல். கூப்பிடுவது யார்? ‘பார்க்கிறேன்’ என்று அட்டை சொல்கிறது. உண்மையில் ஒளிப்பதிவாளர்கள் பல திசைக்கும் அனுப்பப்பட்டார்கள். வந்த சுருள்களை வெர்டோவும் அவர் மனைவி எலிசவெத்தா ஸ்விலோவாவும் மாஸ்கோவில் வெட்டி ஒட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் அழைக்கப்பட்ட ஒருவர்கூடப் பதில் சொல்வதில்லை. மௌனப் படத்தில் பேச முடியாதுதான். ஆனால் எழுத்து அட்டை இருந்ததே, அதில் ஒன்றையாவது அவர்கள் வாய்ச்சொல்லுக்குக் கொடுத்திருக்கலாம்.

வடகோடியில் நோவயா ஸெம்லியா தீவுக் காட்சியைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை வரும் கோஸ்டார்க் கப்பலுக்காக மக்கள் காத்திருக்கிறார்கள். தோலைக் கொடுத்துச் சாமான் வாங்குகிறார்கள். பிறகு கிராமபோனில் லெனின் குரலைக் கேட்கிறார்கள். படம் அவர்களை ‘சமோயெத்’ என்கிறது. அது வெளியார் வைத்த பெயர்; ரஷ்யக் காதுக்குத் ‘தன்னைத்தானே தின்பவன்’ என்றுகூட ஒலிக்கும். அவர்கள் தங்களை நெனெத்ஸ் என்கிறார்கள், மனிதர் என்று அர்த்தம். வெளிமாநிலத்தில் எல்லாரையும் சேர்த்து ‘மதராசி’ என்று கூப்பிடக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசிப் பகுதியில் புர்காவும் ஷாமனும் கோவிலும் மறைந்தே தீரும் பழசாகக் காட்டப்படுகின்றன. வேற்றுமையை அவ்வளவு ரசித்த கேமரா, அதற்குக் கெடுவும் வைத்துவிடுகிறது. இதுதான் படத்தின் ஆதாரச் சிக்கல் என்பது என் கணிப்பு.

வெர்டோவுக்கும் இந்தப் படம் நல்லதாக முடியவில்லை. செலவு எகிறியது, 1927இல் சோவ்கினோ அவரை வேலையிலிருந்து நீக்க, உக்ரைனுக்குப் போனார். படம் பெயர் சொல்லி அழைத்த கல்மிக்குகளை 1943 டிசம்பரில் ஒட்டுமொத்தமாகச் சைபீரியாவுக்கு நாடு கடத்தியது அதே அரசு. 1957 வாக்கில்தான் அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது. மண்ணின் சொந்தக்காரர்கள் என்று சொல்லி 17 வருஷம்தான் ஆகியிருந்தது.

மைக்கேல் நைமன் இசையோடு இந்தப் படம் குறுந்தகடாக வந்திருக்கிறது. கிடைத்தால் ஒரு தடவை இசையோடு பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, அட்டைகளையும் படிக்காமல், அந்தக் கிராமபோனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முகங்களை மட்டும் பாருங்கள்.