நிறம் காட்டாத துளி

வேலப்பன்சாவடியில் ஓர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில சொட்டு விட்டால் வெண்மை படரும். குளோரைடு என்று உடனே எழுதிவிடத் தோன்றும். தேர்ந்த கை எழுதாது. நிலத்தடி நீரில் பைகார்பனேட்டும் கரைந்திருக்கும். அதிலிருந்து உண்டாகும் கார்பனேட்டும் வெள்ளியோடு சேர்ந்து வெளிறிய வீழ்படிவைத் தரக்கூடியது. அதனால் முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, கார்பனேட்டைக் கரியமில வாயுவாக வெளியேற்றிவிட வேண்டும். அந்த இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், நாமே ஊற்றிய குளோரைடைத்தான் கண்டுபிடிப்போம். அமிலத்துக்குப் பிறகும் தயிர்போல் வெள்ளை திரண்டு, அம்மோனியாவில் கரைந்து தெளிந்தால்தான் குளோரைடு உறுதி. பிளஸ் டூ மாணவர்கள் ‘சால்ட் அனாலிசிஸ்’ என்று சொல்லும் இந்தக் கலையில், நிறம் காட்டும் துளியைவிட அதற்கு முன்னால் விழும் நிறமற்ற துளியே எனக்கு அழகாகப் படுகிறது. வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்ற நிலையை உண்டாக்குவது அதுதான்.

ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெசீனியஸ் 1841இல் நூலாக்கிய முறையின் உயிரும் இதில்தான் இருக்கிறது. அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் தாமிரம் கறுப்பாகப் படியும். துத்தநாகம் அசையாமல் கரைசலிலேயே நிற்கும். அமிலம் சல்பைடு அயனிகளை அடக்கி வைத்திருப்பதால், மிகக் குறைவாகக் கரையும் சல்பைடுகள் மட்டுமே விழுகின்றன. அடுத்து அம்மோனியம் ஹைட்ராக்சைடு. அதற்கு முன்னால் அம்மோனியம் குளோரைடு சேர்ப்பார்கள். அலுமினியமும் இரும்பும் வீழ்படிவாகும், மெக்னீசியம் தப்பிவிடும். இதற்கெல்லாம் கணக்கு சொன்ன கரைதிறன் பெருக்கக் கருத்தை நெர்ன்ஸ்ட் தந்தது 1889இல். கைப்பழக்கம் முந்தியது, கணக்கு பிந்தியது. அம்பத்தூர்ப் பக்கத்து முலாம் பூசும் பட்டறைகளுக்குப் பழக்கமான நிக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1905இல் சுகாயெவ் கண்டறிந்த டைமெத்தில் கிளையாக்சிம், அம்மோனியா கலந்த கரைசலில் நிக்கலை ரோஜாச் சிவப்பாகத் திரட்டிவிடும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத நிறம். ஆனால் ஃபெரஸ் இரும்பும் அதனுடன் சிவக்கும். ஆகவே இரும்பை முதலில் ஃபெரிக்காக ஆக்சிஜனேற்றம் செய்து, டார்டாரிக் அமிலத்தால் கட்டிப்போட்ட பிறகே அந்தச் சிவப்பை நம்பலாம்.

நிறை நிறமாலைக் கருவி சில நிமிடங்களில் பல உலோகங்களின் அளவைச் சொல்லிவிடும் காலத்தில் குழாயும் சொட்டும் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. அந்த அளவு சோதனைக் குழாயில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருவியும் ஏமாறும். கருவிக்குள் மாதிரியை அயனியாக்கும் பிளாஸ்மாவில் உள்ள ஆர்கானின் நிறை 40, குளோரினுடையது 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. ஆர்செனிக்கின் நிறையும் 75தான். உப்பு மிகுந்த தண்ணீரில் இல்லாத ஆர்செனிக்கை இருப்பதாகக் கருவி காட்டக்கூடும். அந்தக் குறுக்கீட்டை விலக்கத் தனி ஏற்பாடு வேண்டும். சில்வர் நைட்ரேட்டுக்கு முன்னால் அமிலம் விடும் அதே சந்தேகம்தான் இங்கும் காப்பாற்றுகிறது.

மாணவர்கள் இதை மனப்பாடமாகத்தானே செய்கிறார்கள் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான். நீலமாக இருந்தால் தாமிரம் என்று உப்பைப் பார்த்ததுமே எழுதி, சோதனைகளைப் பின்னால் இட்டு நிரப்புவது பழைய வழக்கம். 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலும் அயனிச் சோதனைகள் இருக்கின்றன. ஆனால் குழாயைத் தொடாமலே நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்துவிடலாம். குறை, மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது. அயனியின் பெயருக்கு மட்டும் மதிப்பெண் என்றால் மாணவன் பெயரைத்தான் தேடுவான். வேதியியல் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: செய்முறைத் தேர்வில் அலுமினியம் என்று எழுதியவனிடம், அம்மோனியம் குளோரைடை ஏன் சேர்த்தாய் என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் பாதி மதிப்பெண்ணை அதற்கே கொடுங்கள்.