மேற்பார்வையாளர் பயிற்சியும் மனநலமும்

உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலம் பற்றிய வழிகாட்டு நூல் ஒன்றை வெளியிட்டது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்ற கணக்கு அப்போது பரவலாகப் பேசப்பட்டது. மேற்பார்வை செய்வோருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது நூலின் பரிந்துரைகளுள் ஒன்று. தன்கீழ் வேலை செய்பவரின் மனத்துன்பத்தை இனங்கண்டு, காது கொடுத்துக் கேட்டு, உரிய உதவிக்கு வழிகாட்டுவதே அப்பயிற்சி. நல்ல எண்ணம்தான். ஆயினும் நூலைச் சற்று நிதானமாகப் படித்தால் ஒரு விந்தை புலப்படும்.

மேற்பார்வையாளர் பயிற்சியை நூல் 'வலுவாக'ப் பரிந்துரைக்கிறது. வேலைப்பளு, வேலை நேரம், முடிவெடுப்பதில் தொழிலாளருக்குள்ள பங்கு முதலிய மூல காரணங்களைத் திருத்துவதை 'நிபந்தனையோடு' மட்டுமே பரிந்துரைக்கிறது. காரணம், முன்னதற்குச் சான்று ஓரளவு உறுதியானது, பின்னதற்கு மிகவும் நலிந்தது என்பதாம். சரி, பயிற்சிக்குரிய சான்று எதை அளந்தது? பயிற்சி பெற்றவரின் அறிவு, மனப்பான்மை, நடத்தை ஆகியவற்றையும், தொழிலாளர் உதவி தேடி வருகின்றனரா என்பதையுமே பெரிதும் அளந்தது. தொழிலாளரின் துன்பம் குறைந்ததா என்பது வேறு கேள்வி.

இந்த வேறு கேள்வியை 2019இல் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு ஒன்று எடுத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் பயிற்சி பற்றிய 21 ஆய்வுகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள். பணியாளரின் மன அழுத்தமோ, வராமல் நிற்கும் நாட்களோ, நலவுணர்வோ இதனால் மேம்படுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே அதன் முடிவு. வகுப்பெடுத்த ஆசிரியரின் மதிப்பெண்ணை வைத்து மாணவன் தேறிவிட்டான் என்று நாம் சொல்வதில்லை அல்லவா? எளிதில் அளக்கக் கூடியதை அளந்துவிட்டு, அதற்கே 'வலு' என்று முத்திரை குத்துவது இயற்பியல் செய்முறை அறையில் செல்லாது.

இங்கே சொல்லொன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் 'மன அழுத்தம்' என்கிறோம். ஆங்கிலச் சொல்லான ஸ்ட்ரெஸ் என்பதற்கு நம் இயற்பியல் பாடநூலில் வேறு பெயர் உண்டு: தகைவு. கம்பியின் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை அது. அதன் விளைவாகக் கம்பி நீள்வது திரிபு. பளு வெளியிலிருந்து வருவது. திரிபு கம்பியில் காண்பது. உடலியலில் இச்சொல்லைப் பரப்பிய ஹான்ஸ் செல்யே உடலில் நிகழும் மாற்றத்தையே ஸ்ட்ரெஸ் என்றார். பொறியியலார் வழக்கில் அது திரிபாகும். செல்யே தாமே பின்னாளில் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் குழப்பம் நிலைத்துவிட்டது. பளுவைக் கணக்கில் எடுக்காமல் கம்பியையே குறைகூறும் பழக்கம் அதிலிருந்து வந்ததோ என்னவோ.

பயிற்சி பயனற்றது என்று சொல்வது நம் நோக்கமன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில் 128 மேலாளர்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பகுதியினருக்கு நான்கு மணிநேரப் பயிற்சி, மற்றவர்க்கு இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் கீழ் இருந்தோரிடையே பணி தொடர்பான நோய்விடுப்பு குறைந்திருந்தது. மற்ற குழுவில் அது கூடியிருந்தது. வழக்கமான நோய்விடுப்பில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அங்கே கற்றுக்கொடுத்தது பொதுவான அன்புரை அன்று. மனநோய்க்கு ஆளானவரிடமும் விடுப்பில் இருப்பவரிடமும் எப்போது, எப்படிப் பேசுவது என்ற திட்டமான செயல். அதைச் செய்யும் அதிகாரமும் அவருக்கு இருந்தது.

'அதிகாரம்' என்ற இச்சொல்லைத் தூத்துக்குடிக் கடற்கரையில் வைத்துப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், அதாவது சுமார் 9 முதல் 18 மீட்டரில் உள்ளவை. பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து தரைமட்டத்தைப்போல் இருமடங்காகிறது. குளியாளி கல்லைப் பற்றி இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், தங்கை தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்று கடற்கரையில் சொல்வார்கள். குளியாளிகள் இணை இணையாக வேலை செய்தனர். ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறினார். ஓய்வு யாருடைய இரக்கத்தையும் எதிர்பார்க்கவில்லை. வேலை அமைப்பிலேயே அது இருந்தது. பொற்காலம் என்று இதைப் பாடவில்லை: சுறாவும் உண்டு, கடனும் உண்டு, எடுத்த சிப்பியில் பெரும்பங்கு அரசுக்கும் போயிற்று. 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடக்கவும் இல்லை. கயிறு அசைந்தவுடன் இழுக்கும் உரிமை பிடித்தவர் கையில் இருந்தது என்பதே இங்கு நாம் கொள்ள வேண்டிய செய்தி.

இன்றைய சரக்குத் தளத்து சூப்பர்வைசருக்கோ, உப்பளத்துக் கங்காணிக்கோ அந்த உரிமை எவ்வளவு? வெயில் உச்சியில் பாத்தியில் நிற்பவரை நிழலுக்கு அனுப்பினால் அன்றைய அளவு குறையும். குறைந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் கங்காணியே. கப்பல் புறப்படும் நேரத்தை சூப்பர்வைசர் குறிப்பதில்லை. ஆள் குறைவதையும் அவர் தீர்மானிப்பதில்லை. மேலிருந்து வரும் நெருக்கடியைக் கீழே கடத்தும் கம்பி போன்றவர் அவர். முதலில் சூடாவதும் அவரே. அவரிடம் போய், 'உம் மனத்தையும் பேணும், பிறர் மனத்தையும் பேணும்' என்று ஒரு நாள் வகுப்பு எடுத்தால், இருக்கிற பளுவோடு மற்றொரு பளு ஏறுகிறது. சரியாகப் பேசத் தெரியாததால்தான் ஆட்கள் வாடுகிறார்கள் என்ற பழியும் அவர்மேல் விழும்.

இதே ஊரில் 1908 பிப்ரவரி 27இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். கேட்டவை கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வாரவிடுமுறை. மார்ச் முதல் வாரத்தில் ஆலை நிர்வாகம் இறங்கி வந்தது. கனிவாகப் பேசும் மேஸ்திரி வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அதே 1908இல் இங்கிலாந்தில் ஹால்டேனும் உடன் ஆய்ந்தோரும் மூழ்குநர்களின் அழுத்தக்குறைவு நோய்க்கு வழி கண்டு வெளியிட்டனர். மூழ்குநர் மேலே வரும்போது இடையிடையே குறித்த ஆழங்களில், குறித்த நேரம் நிற்க வேண்டும் என்ற அட்டவணை அது. மூழ்குநரைத் திடப்படுத்தவில்லை, வேலை முறையை மாற்றினார்கள்.

கடலோடிகளின் நிலையும் இதுவே. 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணியில் குறைந்தது 10 மணியும், ஏழு நாளில் 77 மணியும் ஓய்வு என்கிறது. இந்தியா 2015இல் இதை ஏற்றது. 2020இல் பெருந்தொற்றால் ஏறத்தாழ நான்கு லட்சம் கடலோடிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பல்களில் சிக்கினர். தலைவர்களுள் எத்தனையோ பேர் பரிவுள்ளவர்களாக இருந்திருப்பார்கள். மாற்று ஆட்களை ஏற்றும் அதிகாரம் துறைமுகத்து அரசுகளிடம் இருந்தது.

ஆகவே இத்தகைய பயிற்சி நடத்த வருவோரிடம் நிறுவனங்கள் சில கேள்விகளைக் கேட்கலாம். பயிற்சிக்குப் பின் மேற்பார்வையாளர் ஓர் ஆளை அன்றைய வேலையிலிருந்து கூலி பிடிக்காமல் விடுவிக்க முடியுமா? ஷிப்டை மாற்ற முடியுமா? ஆள் போதாது என்று எழுதித் தந்தால் அதைப் படிப்பவர் யார்? விளைவை யாரிடம் அளக்கப் போகிறார்கள், பயிற்சி பெற்றவரிடமா, அவர்கீழ் உள்ளவரிடமா? பயிற்சி பெறாத ஒரு குழுவோடு ஒப்பிடுவார்களா? உதவி தேடுவோர்க்கு 14416 என்ற டெலிமானஸ் இலவச எண் 2022 முதல் உண்டு, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கப் பயிற்சி எதுவும் தேவையில்லை. வேலை நேரத்தில் அழைத்துப் பேசப் பதினைந்து நிமிடம் விடுவதற்குத்தான் மேலிடத்து உத்தரவு தேவைப்படும்.